கடல் தாண்டிப் படிக்கலாம். கடன் துண்டோடு போக வேண்டாம்

கடந்த மாதம் எமது மாவட்டக் காரியாலயத்துக்கு ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான தாய் ஒருவர் வந்தார். கையில் ஒரு பை, அதற்குள் ஒரு கோவை. முப்பத்தொரு வருடம் கூடை சுமந்ததற்குக் கிடைத்த சேமலாப நிதியும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் அந்தக் கோவைக்குள் வெறும் பற்றுச்சீட்டுகளாக இருந்தன. மொத்தம் ஒன்பது இலட்சம் ரூபாய்.

அவரது மகன் உயர்தரத்தில் சித்தியடைந்தவர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளியைச் சிறு வித்தியாசத்தில் தவறவிட்டவர். நகரத்தில் இருந்த ஒரு ஆலோசனை நிலையத்துக்காரர்கள் ஓர் ஆங்கிலக் கடிதத்தைக் காட்டி, "இங்கிலாந்தில் இடம் கிடைத்துவிட்டது, காசு கட்ட வேண்டியதுதான் பாக்கி" என்று சொல்லியிருக்கிறார்கள். தாய் காசைக் கட்டினார். பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு அல்ல. முகவரின் சொந்தக் கணக்குக்கு. எட்டு மாதத்துக்குப் பிறகு வந்தது வீசா மறுப்புக் கடிதம். வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணம் அந்தக் குடும்பத்தின் பணமல்ல, கொடுத்த ஆவணம் பொய்யானது என்று அதில் எழுதியிருந்தது. இனிப் பத்து வருடத்துக்கு அந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் மறுக்கப்படும். மகனுக்கு இப்போது இருபது வயது.

அந்தக் கோவையை நாம் ஒவ்வொரு தாளாகப் புரட்டினோம். முதலில் காட்டப்பட்ட ஆங்கிலக் கடிதமும் அதில் இருந்தது. அது நிபந்தனையுடன் கூடிய கடிதம். ஆங்கிலப் பரீட்சையில் இன்ன புள்ளி எடுத்தால்தான் இடம், முற்பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டுமே செலுத்த வேண்டும், வீசா மறுக்கப்பட்டால் அந்த முற்பணம் திருப்பித் தரப்படும் என்று மூன்று விடயங்களும் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தன. வாசிக்க ஐந்து நிமிடம் போதும்.

"தலைவரே, இந்தக் கடுதாசில என்னா இருக்குனு இன்னிக்கு வரைக்கும் யாரும் எனக்கு வாசிச்சுச் சொல்லல" என்றார் அந்தத் தாய்.

அந்தச் சொல் எம்மைச் சுட்டது. கூட்டு ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் வாசிக்கத் தெரிந்த சங்கம் இது. சம்பளச் சீட்டில் ஐம்பது ரூபாய் குறைந்தாலும், முழுப் பேர் போட வேண்டிய இடத்தில் அரைப் பேர் போட்டாலும், துரையின் காரியாலயத்துக்குப் போய்க் கேட்கத் தெரிந்த சங்கம் இது. ஆனால் எமது பிள்ளைகளின் கைக்கு வரும் இந்தப் புதுவகைக் கடிதத்தை வாசிக்க நாம் கற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்த மாதத் தலையங்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் படிக்கும் ஆசை தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் எமக்குள்ளேயே இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நாம் ஏற்கவில்லை. "படிச்சு என்ன செய்யப் போறான், பிரட்டுக்கு அனுப்பு" என்று ஒரு காலத்தில் சொன்ன அதே குரல்தான் இன்று வேறு வார்த்தையில் பேசுகிறது.

உள்ளூரில் இலவசமாகக் கிடைக்கும் பல்கலைக்கழக இடத்துக்கு மேலான பேறு இல்லை என்பதும் உண்மை. இங்கே இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. அந்த இடம் கிடைத்த பிள்ளை, வெளிநாட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் அதைக் கைவிடக்கூடாது. ஒரு காலை ஊன்றிவிட்டுத்தான் மறு காலை எடுக்க வேண்டும். ஆனால் உயர்தரத்தில் தகுதி பெற்றும் இடம் கிடைக்காத பிள்ளைகளே ஒவ்வொரு வருடமும் அதிகம். அவர்களுக்கு வெளியே ஒரு கதவு திறந்திருந்தால் தட்டிப் பார்க்கட்டும். எந்தக் கதவை, எப்படித் தட்டுவது என்பதே எமது கவலை.

கதவு ஒன்றல்ல, மூன்று

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். முதலாவது அனுமதி. இரண்டாவது பணம். மூன்றாவது வீசா. முகவர்கள் முதல் கதவைத் திறந்து காட்டி, மூன்றும் திறந்துவிட்டது போலப் பேசுவார்கள்.

மூன்றில் மலிவானது முதல் கதவுதான். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு முதற் பட்டத்துக்காக விண்ணப்பிப்பவர்கள் யூகாஸ் என்ற பொது அமைப்பின் ஊடாக ஒரே விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகளைக் குறிப்பிடலாம். அதற்கான கட்டணம் 30 பவுணுக்கும் குறைவு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல, கொமன் அப் என்ற பொது விண்ணப்பத்தை ஏற்கின்றன. வசதியில்லாத பிள்ளை கட்டண விலக்குக் கேட்கவும் அங்கே இடம் உண்டு. இந்த விண்ணப்பங்களை இணையத்தில் பிள்ளையே நிரப்பலாம். இதற்கு இலட்சக்கணக்கில் கேட்பவரிடம், எந்தச் செலவுக்கு என்று வாய்திறந்து கேளுங்கள்.

பாரமான கதவு இரண்டாவது. கணக்கைப் பார்ப்போம். பிரித்தானியாவில் மாணவர் வீசாவுக்கு, படிப்புக் கட்டணம் தவிர, ஒன்பது மாத வாழ்க்கைச் செலவுக்கான பணத்தையும் காட்ட வேண்டும். 2025 ஜனவரியில் இது லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுணாக இருந்தது. ஒன்பது மாதத்துக்கு 10,224 பவுண். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு பவுணைச் சுமார் 400 ரூபாய் என்று வைத்தால், இது 40 இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறது.

எமது கையில் இருந்தது என்ன? 2024 செப்டம்பரில் தீர்மானிக்கப்பட்ட நாட் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. மாதம் 25 நாள் பேர் விழுந்து, ஒரு சதமும் பிடிபடாமல் வந்தாலும் 33,750 ரூபாய். அந்தச் சம்பளத்தில் அந்த 40 இலட்சத்துக்கு, ஒரு தொழிலாளி உண்ணாமல் உடுக்காமல் பத்து வருடம் உழைக்க வேண்டியிருந்தது. படிப்புக் கட்டணமும் விமானச் சீட்டும் இன்னும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

மற்ற நாடுகளும் இப்படித்தான். அவுஸ்திரேலியா 2024 மே மாதம் முதல் ஒரு வருட வாழ்க்கைச் செலவாக 29,710 அவுஸ்திரேலிய டொலர் காட்டும்படி கேட்கிறது. அங்கே மாணவர் வீசாவுக்கான கட்டணமே 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் ஏறியது. வீசா மறுக்கப்பட்டால் அந்தக் காசு திரும்பாது. ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கேயும் வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கு ஒன்றில் வைத்துக் காட்ட வேண்டும். அது பிள்ளையின் பணமே, மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கிடைக்கும். ஆனாலும் முதலில் அந்தத் தொகை கையில் இருக்க வேண்டும் அல்லவா?

இந்த இடத்தில்தான் சிலர் "காட்டுக் காசு" என்ற தந்திரத்தோடு வருகிறார்கள். "வங்கியில் காட்டுவதற்கு மட்டும் நாங்கள் காசு போடுகிறோம், வட்டி கொடுத்தால் போதும்" என்பார்கள். அந்தத் தாயின் மகனுக்கு நடந்தது இதுதான். பொய்யான ஆவணத்தால் ஏமாற்றியதாகத் தீர்மானிக்கப்பட்டால் பிரித்தானியாவில் பத்து வருடம், அவுஸ்திரேலியாவில் மூன்று வருடம் கதவு மூடப்படும். கடன் கொடுத்தவன் வட்டியோடு போய்விடுவான். பெயர் கெட்டுப் போவது பிள்ளைக்குத்தான்.

"போனால் வேலை செய்து கட்டிவிடலாம்" என்பது இன்னொரு வார்த்தை. மாணவர் வீசாவில் வேலைக்கு வரம்பு உண்டு. பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் பாடகாலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம். அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம். ஜப்பானில் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணித்தியாலம். இந்த வேலையால் சாப்பாட்டுச் செலவைச் சமாளிக்கலாம். பல்கலைக்கழகக் கட்டணத்தையும் ஊரில் வாங்கிய வட்டிக் கடனையும் சேர்த்துச் சமாளிக்க முடியாது. வரம்பை மீறி உழைத்தால் வீசா போகும். அந்தப் பயத்தைப் பயன்படுத்திக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கும் முதலாளிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

முகவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

ஆலோசனை நிலையங்கள் எல்லாம் மோசடி என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாகத் தொழில் செய்பவர்களும் உண்டு. ஆனால் அவர்களது வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பல, ஒரு மாணவரைச் சேர்த்துவிட்டால் அவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கை முகவருக்குத் தரகாகக் கொடுக்கின்றன. கட்டணம் கட்டும் மாணவரால் முகவருக்கு வருமானம் உண்டு. முழுப் புலமைப்பரிசிலில் போகும் மாணவரால் அவருக்கு என்ன இலாபம்?

அதனால்தான் ஏழைப் பிள்ளைக்கு உண்மையில் பொருத்தமான வழியைப் பற்றி அந்த நிலையங்களின் சுவரொட்டிகளில் காண்பது அரிது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களும் சங்கமும்தான்.

இன்னொரு விடயம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும் என்பது எமது மக்களுக்குத் தெரியும். அந்த அனுமதிப்பத்திரம் வேலைக்கு அனுப்புவதற்கானது. அதைச் சுவரில் மாட்டியிருப்பதால் ஒருவர் மாணவரை அனுப்பும் விடயத்தில் நம்பத்தகுந்தவர் ஆகிவிடமாட்டார்.

காசில்லாத பிள்ளைக்கு உள்ள வழி

இந்தியா எமக்கு மிக அருகில் உள்ளது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு போன உறவினர்கள் நீலகிரியிலும் தமிழகத்தின் வேறு இடங்களிலும் பலருக்கு இருக்கிறார்கள். இந்திய அரசாங்கம் இலங்கை மாணவருக்கு வழங்கும் புலமைப்பரிசில்களில் முதற் பட்டத்துக்கானவை இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் பொறியியல், விஞ்ஞானம், வணிகம், கலை ஆகிய துறைகளுக்கானது. ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் தகவல் தொழில்நுட்பத்துக்கானது. மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் பட்டப்பின் படிப்புக்கானது என்பதால் உயர்தரம் முடித்தவருக்கு அது பொருந்தாது. படிப்புக் கட்டணம், மாதாந்தக் கொடுப்பனவு, தங்குமிடக் கொடுப்பனவு, புத்தகங்களுக்கான வருடாந்தத் தொகை, விமானச் சீட்டு ஆகியவை இவற்றில் அடங்கும். மருத்துவம் இதில் இல்லை. தெரிவு எமது கல்வி அமைச்சின் ஊடாகவும் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாகவும் திறமை அடிப்படையில் நடக்கிறது.

தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியத்தின் புலமைப்பரிசிலையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதுவும் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாகவே வருகிறது. ஆனால் அது தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் இங்கேயே உயர்தரமும் பல்கலைக்கழகமும் படிப்பதற்கான உதவி. இரண்டும் தேவையானவை, இரண்டும் வேறு வேறு.

சொந்தச் செலவில் தமிழகக் கல்லூரிகளுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுற்றுலா வீசாவில் போய்ப் படிப்பில் சேர முடியாது. மாணவர் வீசா பெற்றுத்தான் போக வேண்டும். 180 நாட்களுக்கு மேற்பட்ட வீசாவில் போகும் மாணவர் அங்கே இறங்கி 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவுக் காரியாலயத்தில் பதிய வேண்டும். மாமன் வீடு பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக இந்தப் பதிவைத் தட்டிக்கழிக்கக்கூடாது.

ஜப்பானிய அரசாங்கத்தின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தின் ஊடாக விண்ணப்பிக்கலாம். முதல் வருடம் ஜப்பானிய மொழி கற்பிப்பார்கள். அதன் பிறகு நான்கு வருடப் பட்டப்படிப்பு. கட்டணம் இல்லை, போகவர விமானச் சீட்டு உண்டு, மாதக் கொடுப்பனவு 117,000 யென். இதற்கு எழுத்துப் பரீட்சை ஒன்று உண்டு. கணிதம் நன்றாக வரும் பிள்ளைக்கு இது கைக்கெட்டும் வழி. சீன அரசாங்கமும் முதற் பட்டத்துக்குப் புலமைப்பரிசில்கள் வழங்குகிறது.

அமெரிக்காவைப் பற்றி எமது மக்கள் பெரும்பாலும் கேட்காத செய்தி ஒன்று இருக்கிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவரைத் தெரிவு செய்யும்போதும் குடும்பத்தால் கட்ட முடியுமா என்று பார்ப்பதில்லை. தெரிவு செய்த பிறகு, குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டு, குறைவதைத் தாமே கொடுக்கின்றன. கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி எந்த மாணவரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. மாணவர் எல்லோரும் கல்லூரியிலேயே ஏதோ ஒரு வேலை செய்ய வேண்டும். இவற்றில் இடம் கிடைப்பது மிக மிகக் கடினம். உலகம் முழுவதிலிருந்தும் போட்டி. அதை மறைக்க மாட்டோம். ஆனால் ஏழை என்பதற்காகக் கதவு மூடப்படுவதில்லை. முயன்று பார்க்க ஆகும் செலவோ ஒன்பது இலட்சம் அல்ல. கொழும்பிலுள்ள அமெரிக்க - இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவிடம் இதைப் பற்றி நேரடியாக விசாரிக்கலாம்.

இந்த விண்ணப்பங்களில் பெற்றோரின் வருமானச் சான்று கேட்பார்கள். அதற்கு உங்கள் சம்பளச் சீட்டுத்தான் வேண்டும். மாதாமாதம் கசக்கி எறியும் அந்தச் சீட்டைச் சேர்த்து வையுங்கள். எத்தனையோ வருடமாக எம்மைச் சிறுமைப்படுத்திய அந்தச் சிறிய தொகை, இந்த ஒரு இடத்திலாவது பிள்ளைக்குப் பக்கபலமாக நிற்கட்டும்.

பெயர் ஒன்று, எழுத்து நான்கு

விண்ணப்பங்கள் பல இடறி விழுவது புள்ளியில் அல்ல, பெயரில். தோட்டத்தில் பிறப்பு எப்படிப் பதியப்பட்டது என்பது எமக்குத் தெரியும். சொன்னது ஒரு பெயர், எழுதியது ஒரு பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், பரீட்சைச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும், கடவுச்சீட்டில் நான்காவது விதமாகவும் பெயர் இருந்தால், இந்த நால்வரும் ஒருவரே என்று வெளிநாட்டு அதிகாரிக்கு எப்படித் தெரியும்? தந்தையின் பெயரிலும் பிழை, பிறந்த திகதியிலும் பிழை என்றால் சொல்லவே வேண்டாம்.

இதைத் திருத்த வழி உண்டு. பிறப்புச் சான்றிதழ்த் திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். சத்தியக் கடதாசியும் வேறு ஆதாரங்களும் கேட்பார்கள். மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே உயர்தரப் பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளை சாதாரண தரம் எழுதும் வருடத்திலேயே சான்றிதழ்களைப் பக்கம் பக்கமாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே ஆரம்பியுங்கள்.

தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து ஆங்கிலத்திலேயே பெறலாம். சில நாடுகள் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவின் அத்தாட்சியையும் கேட்கும். எல்லாவற்றுக்கும் பல பிரதிகள் எடுத்து, மூலத்தை வீட்டில் வையுங்கள். கடவுச்சீட்டையும் மூலச் சான்றிதழையும் எந்த முகவரிடமும் விட்டுவைக்க வேண்டாம்.

எமது லயங்களுக்குக் கடிதம் வந்து சேரும் இலட்சணத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் பலமுறை எழுதிவிட்டோம். நல்ல வேளையாக வெளிநாட்டு விண்ணப்பங்கள் பெரும்பாலும் மின்னஞ்சலில் நடக்கின்றன. அந்த மின்னஞ்சல் முகவரியைப் பிள்ளையே திறக்க வேண்டும். கடவுச்சொல் பிள்ளையிடம் மட்டுமே இருக்க வேண்டும். முகவர் திறந்த மின்னஞ்சலுக்கு வரும் பதிலை முகவர்தான் வாசிப்பார். அந்தத் தாயின் மகனுக்கு வந்த கடிதங்களில் அவர் கண்ணில் பட்டவை முகவர் காட்ட விரும்பியவை மட்டுமே.

ஆங்கிலம் இன்னொரு மலை. தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத் தகுதிப் பரீட்சை இலேசல்ல. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேறு பொதுவாக இரண்டு வருடத்துக்கே செல்லும். அதனால் அவசரப்பட்டு முன்கூட்டியே எழுதுவதிலும் பயனில்லை. ஆனால் ஆங்கிலத்தைப் படிக்கத் தொடங்குவதற்கு எந்த வயதும் முந்தியதல்ல. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வீட்டிலிருந்தே கணினியில் எழுதக்கூடிய டுவோலிங்கோ ஆங்கிலப் பரீட்சையையும் ஏற்கின்றன. அதன் கட்டணமும் குறைவு.

திரும்பி வந்தால் செல்லுமா?

போவதற்கு முன் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி இது. வெளிநாட்டுப் பட்டம் இங்கே அரச வேலைக்கு ஏற்கப்படுமா? பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ, சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ இடம்பெற்ற பல்கலைக்கழகங்களையே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறது. காசு கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சரியான பெயரை எழுதி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். மருத்துவம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இங்கே பதிவு பெற இலங்கை மருத்துவச் சபையின் அங்கீகாரமும் தனிப் பரீட்சையும் உண்டு. உயர்தரத்தில் எடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தகைமையும் உண்டு. ஆறு வருடம் படித்து, இருந்த நகையெல்லாம் அடகில் போன பிறகு இதை அறிந்துகொள்வதால் என்ன பயன்?

எமது பங்கும் எமது கோரிக்கையும்

குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்ள எமக்கு உரிமை இல்லை. ஆகவே எமது காரியாலயங்கள் அனைத்துக்கும் இந்த மாதம் முதல் ஒரு பணிப்புரை அனுப்பப்படுகிறது. வெளிநாட்டுப் படிப்புச் சம்பந்தமான எந்த ஆங்கிலக் கடிதத்தையும் அங்கத்தவர் கொண்டுவந்தால், அதைத் தமிழில் வாசித்து விளக்கிச் சொல்ல வேண்டும். பெயர்த் திருத்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்க வேண்டும். எமது சமூகத்திலிருந்து வெளியே படித்துத் திரும்பிய பிள்ளைகளும், பல்கலைக்கழக மாணவர்களும், ஆசிரியர்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக எமக்குத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் சொல்கிறோம்: உங்கள் தோட்டத்தில் யாராவது சேமலாப நிதிப் பணத்தையோ, சீட்டுப் பணத்தையோ, நகையையோ இதற்காக எடுக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டால், கையெழுத்து வைப்பதற்கு முன் அவரைக் காரியாலயத்துக்குக் கூட்டி வாருங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பணம் போவதானால் அது வங்கி ஊடாக, அந்த நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். தனியாளின் கணக்குக்கு ஒரு ரூபாயும் போகக்கூடாது. பெண் பிள்ளைக்கு இடம் கிடைத்திருந்தால் "பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புறதா?" என்று மறிப்பவர்களிடமும் பேசுங்கள். கொழுந்துக் கூடையைப் பெண்ணின் முதுகில் ஏற்றியபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அரசாங்கத்திடமும் எமக்குக் கோரிக்கைகள் உண்டு. வெளிநாட்டுப் புலமைப்பரிசில் அறிவித்தல்கள் தமிழில், உரிய காலத்தில், தோட்டப்புறப் பாடசாலைகளுக்கு வந்து சேர வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பிறகு வரும் அறிவித்தல் அறிவித்தல் அல்ல. மாணவரை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிலையங்கள் பதிவுக்கும் கண்காணிப்புக்கும் உட்பட வேண்டும். வங்கிகள் கல்விக் கடனுக்குக் காணி உறுதி கேட்கின்றன. லயத்து அறையில் நான்கு தலைமுறையாக வாழ்ந்தும் ஒரு பேர்ச் காணிக்குக்கூட உறுதி இல்லாத குடும்பம் எதை அடகு வைக்கும்? அரசாங்கம் பிணை நிற்கும் கல்விக் கடன் எமது பிள்ளைகளுக்கு வேண்டும். காணி உரிமைப் போராட்டமும் கல்விப் போராட்டமும் எமக்கு வேறு வேறல்ல என்று நாம் சொல்லி வருவது இதனால்தான்.

எமது பாட்டன் பாட்டிகள் கடல் தாண்டி வந்தபோதும் கையில் ஒரு முற்பணம் திணிக்கப்பட்டது. வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி என்று கங்காணி எழுதிய கணக்கு அவர்களுக்கு முன்பாகவே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால், இவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய "துண்டு" வேண்டும். அந்தக் கடனைப் புதிய தோட்டம் ஏற்றால்தான் ஆள் போகலாம். ஆளோடு கடனும் கைமாறியது. 1921இல் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

நூறு வருடத்துக்குப் பிறகு எமது பிள்ளைகள் மீண்டும் கடல் தாண்டப் புறப்படுகிறார்கள். இம்முறை கூலிக்காக அல்ல, படிப்புக்காக. இது நாம் எல்லோரும் பெருமைப்பட வேண்டிய பயணம். அந்தப் பிள்ளையின் கையில் ஒரு கடவுச்சீட்டும், பிழையில்லாத ஒரு சான்றிதழும், தானே வாசித்து விளங்கிக்கொண்ட ஒரு அனுமதிக் கடிதமும் இருக்கட்டும். துண்டு இருக்கக்கூடாது.

அந்தத் தாயின் பற்றுச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு எமது சட்டப் பிரிவு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்திருக்கிறது. பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. மகன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். உயர்தரத்தை மீண்டும் எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் எழுதுவார் என்று நம்புகிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடிதம் கோவைக்குள் கிடந்தால், நாளைக்கே எடுத்துக்கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.